சாரதியோடு சேர்த்து ஆயிரத்து இருநூற்றிருபது கிலோ

பாலாவி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முந்தி.

அன்பின் மச்சான் அஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவின் வெயிலும் வேலையும் உங்கள் உடம்பை வாட்டாமல் அல்லாஹ் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நானும் உங்கள் கூடப்பிறந்த தாத்தா, என் மனைவி கமீலாவும் தொழுகைக்குத் தொழுகை கேட்கிறோம். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நல்ல சுகம். காரும் சுகம் என்று ஒரே வரியில் எழுதி முடித்திருப்பேன். ஆனால் முப்பத்தொரு வருஷம் உப்பளத்தில் லொறித் தராசுக் கிளாக்கராக இருந்தவனுக்கு ஒரு விஷயத்தை ஒரு வரியில் முடிக்க வராது, நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதை வொட்ஸ்அப்பில் சொல்லலாமே என்பீர்கள். வீட்டில் இருக்கிற ஒரே நல்ல போன் உங்கள் தாத்தாவின் கையில். நான் வொய்ஸ் போட வாயைத் திறந்தால் பின்னால் நின்று திருத்துகிறா. ஆகையால் தாளில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை கட்டாருக்கு வெளிக்கிடுகிற நஃபீஸா மாமியின் மகன் றஊபிடம் கருவாட்டுப் பார்சலோடு கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்தில் மணம் அடித்தால் அது கட்டாக் கருவாடு, வேறொன்றும் நினைக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். நீங்கள் என்னிடம் அமானிதமாகப் பார்த்துக்கொள்ளத் தந்துவிட்டுப் போன சிவப்பு ஜப்பான் கார், இரண்டு கதவு, கண்ணைத் திறந்து மூடுகிற லைட்டு, பார்த்தவர்கள் எல்லாம் பந்தயக் கார் என்று நினைக்கிற அந்தக் கார், கற்பிட்டி ரோட்டில் பீட்ரூட் மூட்டை ஏற்றிய ஒரு த்ரீவீலிடம் தோற்றுப் போனது என்று இரண்டு மாதத்துக்கு முன் போனில் சொன்னேன் அல்லவா. பகிடிக்குத்தான் சொன்னேன். அடுத்த நாள் உங்கள் வொய்ஸ் வந்தது. “மச்சான், அது டர்போ இல்லாத கார். வெயிட்டு கூடினா இழுக்காது. மொதல்ல வெயிட்டக் கொறைங்க. ரெண்டு மாசம் தாறன். கொறைக்கேலாட்டி காரக் குடுத்துருங்க, சிலாபத்துல ஒராள் கேட்டுட்டு இருக்காரு.” மூன்று தரம் போட்டுக் கேட்டேன். மூன்று தரமும் அதையேதான் சொன்னீர்கள். குடுத்துருங்க என்ற சொல்லைக் கேட்டதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் தாத்தா நன்றாக இறங்கியது என்கிறா, அது வேறு கதை.

மறைக்காமல் எழுதுகிறேன் மச்சான். வேலை செய்த காலத்தில் காலையில் போனால் பொழுது சாய்ந்து மஃரிபுக்குத்தான் வீடு. அப்போது நானும் கமீலாவும் கதைத்தது எல்லாம் அரிசி முடிஞ்சிட்டு, கேஸ் முடிஞ்சிட்டு என்பதுதான். ஓய்வு எடுத்து, உங்கள் கார் என் கைக்கு வந்த பிறகு, தினமும் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு இரண்டு பேரும் நுரைச்சோலை பக்கம் கடலைப் பார்க்கப் போகிறோம். வீட்டில் வாயைத் திறக்காத மனுசி காரில் ஏறிப் பெல்ட்டைப் போட்டால் நிறுத்துவதில்லை. சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் படித்து வென்றாவாம், கலியாணம் முடித்து முப்பத்தாறு வருஷம் கழித்து எனக்குப் போன மாதம்தான் தெரியும். அந்தக் காரை விற்றால் நாங்கள் இரண்டு பேரும் திரும்பவும் கேஸ் முடிந்ததைத்தான் கதைப்போம். அந்தப் பயத்தில்தான் இவ்வளவும் செய்தேன் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

புத்தளத்தில் இரண்டு கராஜில் கேட்டேன். ஒருவர் டர்போ பூட்டலாம் என்றார், மற்றவர் காரையே மாற்றலாம் என்றார். டர்போ இல்லாமலே ஓட வைக்கிறேன் என்று சொன்ன ஒரே ஆள் எத்தாளையில் போட் எஞ்சின் பார்க்கிற அல்பிரட் பாஸ். மனுசன் பொனட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார், “லத்தீப் நானா, டர்போ எண்டுறது காத்தை ஊதி உள்ளுக்குத் தள்ளுற சாமான். இது தானா மூச்செடுக்கிற எஞ்சின். மூக்கைப் பெருசாக்கி, பின்னால போற வழியையும் பெருசாக்கி விட்டா மூச்சு லேசாப் போகும். பிறகு பாரத்தைக் குறைக்கவேணும். பாரம் குறைஞ்சா எந்தப் போட்டும் பறக்கும்.”

“இது கார், பாஸ்” என்றேன்.

“ஓம், தெரியும். கரையில ஓடுற போட் எண்டு நினைச்சுக்கொள்ளுங்க.”

பாரம் என்ற சொல் வந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அவருக்கு எஞ்சின் தெரியும், எனக்குப் பாரம் தெரியும். நேரே உப்பளத்துக்குப் போய்த் தராசில் காரை ஏற்றினேன். என்னுடைய கதிரையில் இப்போது இருப்பவர் அஸ்ஹான், நான் பழக்கிய ஆள்தான். “நானா, இறங்குறீங்களா?” என்று கேட்டார். சாரதி இறங்கக் கூடாது என்பது அந்தத் தராசில் நானே போட்ட சட்டம். வரும்போது சாரதியோடு நிறுத்தால் போகும்போதும் சாரதியோடுதான் நிறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். லொறிக்கு ஒரு நியாயம் காருக்கு ஒரு நியாயம் என்று நான் நடந்தது கிடையாது. நிறுவைத் துண்டுச்சீட்டில் விழுந்தது: சாரதியோடு சேர்த்து ஆயிரத்து இருநூற்றிருபது கிலோ. அந்தத் துண்டை அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பிறகு கழட்டத் தொடங்கினோம். அல்பிரட் பாஸ் கழட்டுவார், நான் அவருடைய மீன் தராசில் தொங்கவிட்டு நிறுத்துக் கொப்பியில் எழுதுவேன், அவருடைய மனைவி றோசலின் மீன் பொரித்துக் கொண்டுவந்து வைப்பா, நாங்கள் சாப்பிட்டுவிட்டு அடுத்ததைக் கழட்டுவோம். முதலில் பின் சீட்டு. அது இப்போது எங்கள் ஹோலில் சுவரோரம் கிடக்கிறது, கமீலா மத்தியானம் லுஹருக்குப் பிறகு அதில்தான் படுக்கிறா, வருகிற பெண்டுகளும் அதில் இருந்துவிட்டுச் சோபாவை விடச் சுகம் என்கிறார்கள், ஒருத்தி பெல்ட்டையும் போட்டுப் பார்த்தா. அடுத்தது ஸ்பீக்கர் பெட்டி. அடுத்தது ஸ்பெயார் வீலும் காரைத் தூக்குகிற ஜக்கும். அவை இறங்கி மூன்றாம் நாள் எத்தாளையில் டயர் காற்றுப் போய், வேறு வழி இல்லாமல் அந்தப் பீட்ரூட் த்ரீவீல்காரர்தான் எங்களை மூட்டைக்கு மேல் ஏற்றி வீட்டில் விட்டார். வழி முழுக்க அவர் சும்மா சிரித்துக்கொண்டே வந்தார். அது எனக்குத் திட்டியதை விட மோசமாக இருந்தது.

ஏசியைக் கழட்டியது பற்றி உங்கள் தாத்தா தனியாக முறைப்பாடு செய்வா, அதனால் நான் எழுதவில்லை. லைட்டின் கண்ணைத் திறந்து மூடுகிற மோட்டார் இரண்டையும் கழட்டியதுதான் கொஞ்சம் அவசரம் ஆகிவிட்டது. இப்போது மஃரிப் நேரம் ஆனால் நான் இறங்கி இரண்டு கண்ணையும் கையால் தூக்கிக் கம்பி போட்டுக் கட்ட வேண்டும். ஒருநாள் பாலாவிச் சந்தியில் மேட்டில் ஏறி இறங்கும்போது இடது பக்கக் கம்பி நழுவி, ஒரு கண் மூடித் திறந்து மூடித் திறந்து போனது. பஸ் ஹோல்டில் நின்ற மபாஸா டீச்சர் அடுத்த நாள் வீட்டுக்கே வந்துவிட்டா. “ஓங்கட அவர்ட காரு என்னப் பாத்துக் கண்ணடிச்சது” என்று கமீலாவிடம் சொன்னா. கமீலா என்னைக் கூப்பிட்டு, “இவவுக்கு விளங்கப்படுத்துங்க” என்றா. மோட்டார் இரண்டும் நாலு கிலோ என்று கொப்பியைக் காட்டி விளங்கப்படுத்தினேன். டீச்சருக்கு விளங்கவில்லை.

முன் பக்கத்து மற்றச் சீட்டையும் கழட்டச் சொன்னார் அல்பிரட் பாஸ். “அது ஒரு பதினெட்டுக் கிலோ இருக்கும் நானா. ஓடுறது நீங்க ஒராள்தானே, மற்றது என்னத்துக்கு?” ஸ்பெனரையும் எடுத்துவிட்டார். நான் கையைப் பிடித்துவிட்டேன். அது கமீலாவின் சீட்டு. அதைக் கழட்டினால் பிறகு யாருக்காக ஓடுவது? அந்தப் பதினெட்டுக் கிலோவை மட்டும் நான் மனதறிந்து விட்டுக்கொடுத்தேன், அதற்காக என்னைக் குறை நினைக்க வேண்டாம்.

அடுத்தது மூக்கு. காற்றுப் போகிற குழாயை அல்பிரட் பாஸ் பெரிதாக்கி, குளிர்ந்த காற்று வேண்டும் என்று முன் பம்பருக்குக் கீழே இறக்கிவிட்டார். குளிர்ந்த காற்று வந்தது உண்மை. ஆனால் எங்கள் ஊர்க் காற்றில் காற்று மட்டுமா இருக்கிறது? உப்பளம் தாண்டும்போது உப்பு, கற்பிட்டி ரோட்டில் மணல். ஒரு கிழமையில் பில்டரைத் திறந்தால் உள்ளே அரைக் கொத்து மணலும் ஒரு சிப்பியும் இருந்தன. அதற்கு ஒரு துணி கட்ட வேண்டும், காற்றை விட வேண்டும், மணலை மறிக்க வேண்டும் என்று தேடியதில் வீட்டில் அப்படி ஒரே ஒரு துணிதான் அகப்பட்டது. தேங்காய்ப் பால் வடிக்கிற துணி. அன்று பின்னேரம் கமீலா வட்டிலப்பத்துக்குத் துணியைத் தேடிக் குசினியைப் புரட்டிப் போட்டுவிட்டா. நான் ஒன்றும் தெரியாதது மாதிரிக் கூடச் சேர்ந்து தேடினேன். இரண்டு நாளைக்குப் பிறகு பொனட்டைத் திறந்த இடத்தில் பிடிபட்டேன். இப்போது காருக்கு வேறு துணி, வட்டிலப்பத்துக்கு வேறு துணி, இரண்டிலும் பெயர் எழுதியிருக்கிறா.

பின்னால் போகிற வழியைக் கேளுங்கள். சைலன்சரைக் கழட்டி, போட் கைப்பிடிக் கம்பிக் குழாயை வளைத்து ஒட்டி, எஞ்சினின் நாலு வாயும் ஒரு வாயாகச் சேருகிற மாதிரிப் புதிதாக ஒன்று செய்தார். செய்துவிட்டு, போட் எஞ்சின் சோதிக்கிற பழக்கத்தில் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து குழாய் வாயை அதற்குள் விட்டார். “இப்ப எக்ஸிலேட்டரை அமத்துங்க நானா” என்றார். அமத்தினேன். பீப்பாயில் இருந்த தண்ணீர் முழுக்க எழும்பி, கயிற்றில் காய்ந்த றோசலினுடைய ஒரு கிழமைக் கருவாட்டின் மேல் விழுந்தது. அன்று மட்டும் மீன் பொரிக்கவில்லை.

சத்தம் என்றால் சத்தம். முதல் வெள்ளிக்கிழமை நான் பள்ளிவாசலுக்குக் கொஞ்சம் பிந்திப் போக, குத்பா ஓதின மௌலவி நடுவில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அடுத்த கிழமையில் இருந்து ரோட்டு முடக்கிலேயே எஞ்சினை நிற்பாட்டிவிட்டுச் சும்மா உருட்டிக்கொண்டு வருகிறேன். ஜமாஅத்தார் கார் பழுது என்று நினைத்து ஓடிவந்து தள்ளுகிறார்கள். கிழமைக்குக் கிழமை தள்ளுகிற ஆட்களின் தொகை கூடிக்கொண்டு வருகிறது. அவர்களுக்கு அதில் நன்மை கிடைக்கும் என்பதால் நானும் உண்மையைச் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பவும் தராசுக்குப் போனேன். கொப்பிப்படி கழட்டியது சரியாக நூறு கிலோ. குழாயும் துணியும் கூடினதைக் கழித்துத்தான் நூறு. நானும் பழைய மாதிரியே காரில் இருந்தபடி நிறுத்தேன். துண்டில் விழுந்தது ஆயிரத்து நூற்று முப்பது. அதாவது தொண்ணூறுதான் குறைந்திருக்கிறது. மிச்சப் பத்துக் கிலோ எங்கே? அஸ்ஹானிடம் தராசைச் சரிபார்க்கச் சொன்னேன். “போன கிழமைதான் நானா பாத்தது” என்று சொல்லி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கொப்பியைத் திரும்பக் கூட்டினேன், சரி. அல்பிரட் பாஸைக் கேட்டேன், அவரும் யோசித்துவிட்டு, காருக்குள் எங்கேயோ மணல் தங்கியிருக்கும் என்றார். இரண்டு நாள் கூட்டினேன். ஒரு பிடி மணலும் கமீலாவின் ஒரு காதுப்பூவும் வந்தன. மிச்சம் இன்றைக்கும் பிடிபடவில்லை.

இருந்தாலும் மச்சான், ஓடுகிறது. அல்ஹம்துலில்லாஹ், நல்லாவே ஓடுகிறது. போன செவ்வாய்க்கிழமை நுரைச்சோலை தாண்டி, கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் தெரிகிற நேர் ரோட்டில், அந்தப் பீட்ரூட் த்ரீவீல் முன்னால் போனது. கமீலா கண்டுவிட்டா. “அந்தா போறார்” என்றா. நான் கியரை மாற்றினேன். எஞ்சின் மூச்சு எடுத்த எடுப்பு என் நெஞ்சில் கேட்டது. பக்கத்தில் வந்தோம், தாண்டினோம். கமீலா ஜன்னலால் கையை விட்டு, தெரிந்த ஆளுக்குக் காட்டுகிற மாதிரி அமைதியாகக் கை காட்டினா. பிறகு கடற்கரை வரைக்கும் அந்தப் பழைய பள்ளிக்கூடத்துப் பாட்டைப் படித்துக்கொண்டு வந்தா, சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது. போன் வந்ததால் ஓரங்கட்டினேன் என்று த்ரீவீல்காரர் தேத்தண்ணிக் கடையில் சொல்லித் திரிகிறார். அதை நான் நம்பவில்லை.

இப்போது பயமான இடத்துக்கு வருகிறேன். நேற்று நீங்கள் சொன்ன சிலாபத்து ஆள் வந்தார். யதுர்சன் என்று பேர், வாலிபப் பிள்ளை, நல்ல மரியாதை. கை தந்தவர் கையை விடவில்லை, ஒரு நிமிஷம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பிடித்தபடியே நின்றார். சிலாபத்துப் பக்கம் அப்படி ஒரு பழக்கம் போல என்று நானும் நின்றேன். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார், என்னைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். எஞ்சினைத் திறந்து காட்டினேன், பார்க்கவில்லை.

“அங்கிள், காலமைல என்ன சாப்பிடுறீங்க?” என்று கேட்டார்.

விலை பேச முதல் சுகம் விசாரிக்கிறார் என்று நினைத்து உள்ளதைச் சொன்னேன். பாண் ஒரு றாத்தல், பருப்பு, கருவாட்டுச் சம்பல், இரண்டு வாழைப்பழம்.

“தேத்தண்ணிக்குச் சீனி?”

“மூணு கரண்டி.”

போனில் எழுதிக்கொண்டார். படம் எடுக்க வேண்டும் என்றார். காரைத் துடைத்து விட்டேன். “நீங்களும் நில்லுங்க அங்கிள், பக்கப்பாடா நில்லுங்க” என்றார். கார் வாங்குகிறவர் காரைத்தான் பக்கப்பாடாக எடுப்பார் என்று இதுவரை நினைத்திருந்தேன். கடைசியாக வெளிக்கிடும்போது தலையை ஆட்டி, “இன்னும் கொறையவேணும் அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் விலையே சொல்லவில்லை, பிறகு எதைக் குறைக்கச் சொல்கிறார்?

மச்சான், அவர் உங்களுக்குப் படம் அனுப்பியிருப்பார். அவருக்குப் பிடித்திருந்தால் நீங்கள் விற்றுவிடுவீர்கள், பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பீர்கள். இரண்டுக்கும் முதல் நான் கேட்கிறேன். விற்க வேண்டாம். கார் உங்களுடையது, நாளைக்கே திருப்பிக் கேட்டாலும் சாவியைத் தருவேன், அமானிதம் என்றால் எனக்கு விளங்கும். ஆனால் நீங்கள் ஊருக்கு வருகிற வரைக்கும் அதை என்னிடமே விட்டுவையுங்கள். நீங்கள் சொன்ன வெயிட்டைத் தொண்ணூறு கிலோ குறைத்திருக்கிறேன், துண்டு இருக்கிறது. மிச்சப் பத்தையும் எப்படியாவது கண்டுபிடித்துக் குறைப்பேன்.

உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல முதலாளியையும், உங்கள் மனைவி சப்னாவுக்கும் பிள்ளைகளுக்கும் குறையாத ரஹ்மத்தையும் அல்லாஹ் தர வேண்டும். கமீலா தன் ஸலாத்தையும், ஏசியைப் பற்றிய முறைப்பாட்டையும் சேர்த்துச் சொல்லச் சொன்னா.

உங்கள் துஆவை நம்பி இருக்கும் மச்சான்,
லத்தீப்

பின்குறிப்பு: ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, பார்சலைக் கட்டி டேப்பும் ஒட்டி, இந்தக் கடிதத்தை மேலே செருகிய நேரம் கமீலாவின் போனுக்கு நீங்கள் எடுத்தீர்கள். கதைத்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் கிளாக்கர், எழுத்தில் இருக்க வேண்டும். நீங்கள் குறைக்கச் சொன்னது காரின் வெயிட்டை அல்ல, என்னுடைய வெயிட்டை. சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொல்லியும் நான் கேட்கிறேன் இல்லை என்று கமீலா உங்களிடம் அழுதிருக்கிறா. கார் இல்லாவிட்டாலாவது மனுசன் நடப்பார் என்றுதான் குடுத்துருங்க என்று வெருட்டியிருக்கிறீர்கள். யதுர்சன் கார் வாங்குகிற ஆளே இல்லை, உங்கள் கம்பெனி கிளினிக்கில் நேர்ஸ், லீவில் வந்தவர். படத்தைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பு ஹோல் முழுக்கக் கேட்டது. தராசில் பிடிபடாத அந்தப் பத்துக் கிலோ எங்கே இருந்தது என்பதும் அப்போதுதான் பிடிபட்டது, சாரதியில்.

அப்ப காரு, என்று கேட்டேன். “அது ஓங்கட காரு மச்சான். வாற மாசம் வந்து ஓங்கட பேருக்கு மாத்தத்தான் இருந்தன். தொண்ணூறாம் ஆண்டு மன்னார்ல இருந்து எங்கட ஆக்கள் எல்லாரையும் வெரட்டின நேரம், ஆறு வயசுல என்னத் தோள்ல வச்சுத் தூக்கிட்டு வந்தது நீங்க. அப்ப நான் வெயிட்டு எண்டு நீங்க ஒரு வார்த்த சொல்லல்லயே” என்று சொன்னீர்கள். அதோடு லைன் வெட்டிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். வெட்டவில்லை. போனைப் பார்சலுக்கு மேல் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய்க் காரை ஒரு தரம் தொட்டுப் பார்த்தேன்.

ஆகவே மேலே எழுதியது எல்லாம் என் சொந்தக் காருக்கு நானே செய்த அநியாயம். கழட்டிய எல்லாவற்றையும் திருப்பிப் பூட்ட அல்பிரட் பாஸுக்குச் சொல்லியாயிற்று, பின் சீட்டைத் தர முடியாது என்று கமீலா சொல்லியாயிற்று. கருவாட்டை நீங்களே வைத்துச் சாப்பிடுங்கள், எனக்கு இனிமேல் இல்லையாம். இப்போது அசர் தொழுதாயிற்று. என் சொந்தக் கார் வாசலில் நிற்கிறது, சாவி கமீலாவிடம். களப்புத் தண்ணீர்க் கரை வரைக்கும் நடை என்று சொல்லிவிட்டு அவ முன்னால் வெளிக்கிட்டுவிட்டா. அவவை முந்தப் பார்க்கிறேன், இன்ஷா அல்லாஹ்.